விக்கி ஆவணம் நெட் இல்லாமலும் கையில் இருக்க

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் சாயங்காலமானால் நெட் இழுக்கும். கேமுக்கு லுவா என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒரே ஒரு ஃபங்ஷனைப் பார்க்க, அந்த கேமின் ஆவணம் இருக்கும் விக்கி திறக்கும்வரை காத்திருப்பது பெரிய கொடுமை. அதனால் மதுரையில் இருக்கும்போதே டபிள்யூகெட் என்ற, கட்டளை தட்டி ஃபைல் இறக்கும் கருவியால் அந்தப் பக்கங்களை இறக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் தளமா? பக்கத் தலைப்புள்ள இண்டெக்ஸ் பிஎச்பி முகவரியின் கடைசியில் '&ஆக்‌ஷன்=ரா' சேர்த்தால் மெனு, விளம்பரம் எதுவுமில்லாமல் மூல உரை மட்டும் வரும். ஆனால் வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் செருகும் பொது அச்சுகள், டெம்ப்ளேட்) இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் அப்படியே நிற்கும். ஃபங்ஷனின் அளவுருக்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவை விரிந்து வேண்டுமென்றால் 'ரா'வுக்குப் பதில் 'ரெண்டர்' போடுங்கள்.

முகவரிகளை வரிக்கு ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதி, டபிள்யூகெட்டுக்கு 'மைனஸ் ஐ'யோடு அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்தால் எல்லாம் வரிசையாக இறங்கும். அப்புறம், ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே இரண்டு விநாடி காத்திருக்கச் சொல்லும் 'மைனஸ் மைனஸ் வெயிட்=2' கட்டாயம். பல கேம் விக்கிகளை ஆர்வலர்கள் சொந்தக் காசில் நடத்துகிறார்கள். அவர்கள் சர்வரைத் திணறடிக்க வேண்டாம்.