விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஆபீஸ் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லையா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம், தி. நகரில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸுக்கு விபிஎன் (வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து வேளச்சேரியில் தண்ணீர் நின்றால் போதும், எனக்கு போன் வந்துவிடும்: "கனெக்டட்னுதான் காட்டுது சார், ஃபோல்டர் ஓப்பன் ஆகல." இதற்குக் காரணம் பெரும்பாலும் நாலைந்துதான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நான் பார்க்கும் வரிசையையே இங்கே தருகிறேன்.

முதலில், பெயரை விட்டுவிட்டு நம்பரைப் போடுங்கள். ஆபீஸுக்குள் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் பொதுவாக விபிஎன் தாண்டி உங்கள் வீட்டுக்கு வராது. அதனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் \\சர்வர் என்று அடிக்காமல், \\192.168.1.10 என்று அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி நம்பரை அடித்துப் பாருங்கள். திறந்துவிட்டதா? சரி, அந்த நம்பரை வைத்தே டிரைவ் மேப் செய்துகொள்ளுங்கள் (அந்த ஃபோல்டரை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் மாதிரி சேர்ப்பது), வேலை முடிந்தது.

திறக்கவில்லை என்றால், அடுத்து நான் சந்தேகப்படுவது வீட்டு ரவுட்டரைத்தான். இதை நிதானமாகப் படியுங்கள், பல பேர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நிறைய ரவுட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் நம்பர்களையே கொடுக்கின்றன. வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே வரிசை இருந்தால் குழப்பம்தான். சென்னையில் ஆட்டோ ஏறி, ஏரியா சொல்லாமல் "காந்தி தெரு, 10-ம் நம்பர்" என்றால் பக்கத்தில் இருக்கும் காந்தி தெருவுக்குத்தானே போவார்? உங்கள் லேப்டாப்பும் 192.168.1.10-ஐ உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஐபிவி4 நம்பரைப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஆபீஸோடு ஒத்துப்போனால் மோதல் உறுதி. ரவுட்டரின் லேன் செட்டிங்கில் 192.168.57.1 மாதிரி ஏதாவது மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரவுட்டரைத் தொடப் பயமாக இருந்தால், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் போட்டுப் பாருங்கள். அதில் ஃபோல்டர் திறந்தால் சிக்கல் வீட்டு லைனில்தான். பத்துப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும் இடமாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆபீஸ் பக்கத்து வரிசையை மாற்றுவதே நல்லது. பிரிண்டர், கேமரா நம்பர்களையும் அன்றைக்கே மாற்ற வேண்டியிருக்கும்.

மோதல் இல்லையா? அப்படியென்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலை, அதாவது யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல்காரரைப் பாருங்கள். விண்டோஸ் ஃபைல் ஷேரிங் (இதன் தொழில்நுட்பப் பெயர் எஸ்எம்பி) 445 என்ற போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில் நடக்கிறது. விண்டோஸ் பல நேரம் "லோக்கல் சப்நெட்" ஆட்களை, அதாவது அதே நம்பர் வரிசையில் இருப்பவர்களை மட்டும் அதில் உள்ளே விடும். விபிஎன்னில் உங்களுக்குக் கிடைக்கும் நம்பர் 10.8.0 என்று தொடங்கினால் நீங்கள் அதற்கு வெளியாள். ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங், எஸ்எம்பி-இன் என்ற விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் விபிஎன் வரிசையையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிங் (அந்தக் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) பதில் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஃபயர்வால் பிங்கை மட்டும் தனியாக மறித்திருக்கலாம்.

அவசரத்தில் யாராவது "ரவுட்டர்ல 445-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டுடலாம்" என்றால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி ஓட்டை வழியாகத்தான். க்ளையன்ட்டின் பான் கார்டும் கணக்கும் இருக்கும் ஃபோல்டர் அது.

பாஸ்வேர்ட் கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினால், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை அழியுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் லேப்டாப் பின் நம்பர் செல்லாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கின் யூசர்நேமும் பாஸ்வேர்டும்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஃபோல்டர் திறக்கிறது, சின்ன ஃபைல் வருகிறது, பெரிய எக்செல் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறதா? விபிஎன்னின் எம்டியு அளவை (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1300-க்குக் குறைத்து, அதே ஃபைலை மறுபடி எடுத்துப் பாருங்கள்.