பர்மிங்காம் மாநகரத் தேர்தல்: வாக்காளரும் வேட்பாளரும் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகர மன்றத்தில் 69 வார்டுகள், 101 கவுன்சிலர்கள். 37 வார்டுகளுக்கு ஒருவர், 32 வார்டுகளுக்கு இருவர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்த மன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கும். 2018, 2022, 2026 என்று அந்த வரிசை. நடுவில் யாராவது இறந்தாலோ பதவி விலகினாலோ அந்த வார்டுக்கு மட்டும் இடைத்தேர்தல். இதில் வீணாகும் வாக்குகளில் பல வாக்குச்சாவடி திறப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே வீணாகிவிடுகின்றன. காரணம் ஒரு படிவமாக இருக்கும், அல்லது ஒரு தேதியாக இருக்கும்.

"நமக்கு வாக்குரிமை இல்லை"

முதல் தவறு இதுதான். பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்த பிறகே வாக்களிக்கலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவில் இங்கிலாந்தில் வசித்தால், படிக்க வந்தவரானாலும் வேலைக்கு வந்தவரானாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். 18 வயது நிறைந்ததும் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இதே உரிமை உண்டு. புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர், தங்க அனுமதி வரும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

கவுன்சில் வரி கட்டுவதால் பெயர் தானாகச் சேர்ந்துவிடாது. வீட்டுத் தலைவர் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து எழுதிக்கொடுக்கும் முறையும் 2014இல் போய்விட்டது. ஒரே வீட்டில் ஐந்து பேர் பகிர்ந்து தங்கினால் ஐந்து பேரும் தனித்தனியே பதிய வேண்டும். அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள். அது இன்னும் வராதவர்களும் வேறு ஆவணம் காட்டிப் பதியலாம்.

மாணவர்களுக்கு ஒரு சலுகை. பல்கலைக்கழக ஊரிலும் குடும்பம் இருக்கும் ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வெவ்வேறு மன்றங்கள் என்றால் இரண்டு உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் அப்படிச் செய்தால் குற்றம்.

தேதிக் கணக்கு

கெடுக்கள் எல்லாம் வேலைநாள் கணக்கில் ஓடுகின்றன. பெயர் சேர்க்கக் கடைசி நாள், வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு. தபால் வாக்கு கேட்க 11 வேலைநாள் முன்பு மாலை 5 மணி. பதிலாள் வாக்குக்கும் (உங்களுக்காக இன்னொருவர் வாக்களிப்பது), படமுள்ள ஆவணம் இல்லாதவருக்கான இலவச வாக்காளர் அடையாளச் சான்றுக்கும் 6 வேலைநாள் முன்பு மாலை 5 மணி. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் கணக்கில் வராது. மே மாதத் தேர்தலில் இங்கேதான் கணக்குத் தப்புகிறது. மே முதல் திங்கள் விடுமுறை என்பதை மறந்து எண்ணினால் ஒரு நாள் பிசகிவிடும். 2026 மே 7 வாக்குப்பதிவுக்குப் பதிவின் கடைசி நாள் ஏப்ரல் 20. வேட்புமனுவுக்கு ஏப்ரல் 9 மாலை 4 மணி.

தேர்தல் நேரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் தபால் வாக்கை நம்பவே கூடாது. வாக்குச்சீட்டு சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய், வாக்குப்பதிவு நாள் இரவு 10 மணிக்குள் பர்மிங்காம் திரும்புவது நடக்கிற காரியமில்லை. நம்பிக்கையான ஒருவரைப் பதிலாளாக நியமித்துவிட்டுப் போவதே மேல். இங்கிலாந்திலேயே வசிக்கும் வாக்காளர்களில் இரண்டு பேருக்குத்தான் ஒருவர் பதிலாளாக இருக்க முடியும். சாவடியில் அவர் காட்ட வேண்டியது தன்னுடைய அடையாள ஆவணத்தை, உங்களுடையதை அல்ல.

சாவடியில் காட்டும் ஆவணம்

2023 மே முதல் படமுள்ள அடையாள ஆவணம் கட்டாயம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். காலாவதியாகியிருந்தாலும் படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும். இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லாது. பல்கலைக்கழக அட்டை, அலுவலக அட்டை, கைபேசியில் காட்டும் ஈ-விசா எதுவும் செல்லாது. முதியோரின் பேருந்து அட்டையை ஏற்கிறார்கள், இளைஞர்களின் ரயில் அட்டையை ஏற்பதில்லை. இந்தப் பாகுபாட்டில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். இப்போதைக்குச் சட்டம் அதுதான்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும், பட்டியலில் ஒற்றை எழுத்தாக நிற்கும், அல்லது முன்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறியிருக்கும். சிறு வேறுபாட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார்கள். பெயரே வேறாகத் தெரிந்தால் திருமணச் சான்று போன்ற ஏதாவது கேட்பார்கள். பதியும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தபால் வாக்கின் இரண்டு கட்டங்கள்

தபால் வாக்கோடு வரும் அறிக்கைத் தாளில் நிரப்ப வேண்டியவை இரண்டுதான்: கையெழுத்து, பிறந்த தேதி. இரண்டிலும் தவறு நடக்கிறது. பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டவர் அறிக்கைத் தாளில் ஆங்கிலத்தில் போடுகிறார். இரண்டையும் விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் உள்ளே இருக்கும் சீட்டு எண்ணிக்கைக்கே வராது. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிரப்பும்போது உறைகள் மாறிப்போவதும் சகஜம். ஒருவர் முடித்து ஒட்டிய பிறகு அடுத்தவர் தொடங்கட்டும்.

கட்சிக்காரர் கதவைத் தட்டி "நானே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். தன் நெருங்கிய குடும்பத்தாருடையதைத் தவிர மற்றவர் தபால் வாக்கைப் பிரசாரம் செய்பவர் கையில் வாங்குவதே இப்போது குற்றம். சாவடியில் நேரில் கொடுப்பதானால் உங்களுடையதோடு வேறு ஐந்து பேருடையது வரை கொடுக்கலாம், அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் வைத்துவிட்டு வந்தால் அத்தனையும் தள்ளுபடி. இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் பர்மிங்காமின் சொந்தக் கதையே இருக்கிறது. 2004 தேர்தலில் ஆஸ்டன், போர்டெஸ்லி கிரீன் வார்டுகளில் நடந்த தபால் வாக்கு மோசடி 2005இல் தேர்தல் நீதிமன்றத்தில் நிரூபணமாகி, ஆறு கவுன்சிலர்களின் வெற்றி ரத்தானது.

இரண்டு இடம் உள்ள வார்டில் இரண்டு பேருக்குப் பெருக்கல் குறி போடலாம். ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும். மூன்று போட்டால் சீட்டே செல்லாது. பிடித்த ஒருவருக்கே இரண்டு குறி போட்டால் அது ஒரு வாக்குதான். அதே வார்டில் ஓர் இடத்துக்கு இடைத்தேர்தல் வரும்போது பழைய நினைப்பில் இரண்டு போட்டால் வாக்கு வீண்.

இடைத்தேர்தல் தானாக வராது

ஒருவர் இறந்தோ பதவி விலகியோ ஓர் இடம் காலியானதாலேயே தேர்தல் வந்துவிடாது. அந்த மன்றப் பகுதியின் வாக்காளர்கள் இரண்டு பேர் எழுத்தில் கோர வேண்டும். கோரிக்கை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 35 வேலைநாளுக்குள் வாக்குப்பதிவு. எனவே கோரிக்கையை எப்போது கொடுப்பது என்பதே கட்சிகளின் முதல் காய்நகர்த்தல். துண்டறிக்கை அச்சாகி, வேட்பாளர் தயாரான பிறகுதான் அந்த இரண்டு கையெழுத்தும் மன்றத்துக்குப் போகும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கும் சுயேச்சை அப்போதே பின்தங்கிவிடுகிறார். காலியான இடத்தின் பதவிக்காலம் முடிய ஆறு மாதத்துக்குள் இருந்தால் பொதுவாக இடைத்தேர்தல் இல்லை, வழக்கமான தேர்தல்வரை இடம் காலியாகவே கிடக்கும். முன் அனுமதி இல்லாமல் ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் வராத கவுன்சிலரும் பதவி இழப்பார். அதுவும் இடைத்தேர்தலுக்கு ஒரு வழி. பதிவுக் கெடு இங்கும் அதே 12 வேலைநாள்தான், ஆனால் தொலைக்காட்சியில் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

நிற்க விரும்புகிறவருக்கு

வாக்களிக்க எந்த விசாவும் போதும், வேட்பாளராக நிற்கப் போதாது. காமன்வெல்த் குடிமகனுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை வேண்டும். மன்றத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் மனு கொடுக்கும் முன்பே வேலையை விட்டிருக்க வேண்டும். வென்ற பிறகு விடலாம் என்ற கணக்கு செல்லாது.

டெபாசிட் காலி என்ற பேச்சுக்கே இடமில்லை, கட்டுத்தொகை கிடையாது. முன்பு பத்துக் கையெழுத்து, இப்போது முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவர் போதும். அந்த இரண்டிலும் மனுக்கள் கவிழ்கின்றன. இருவரும் அதே வார்டின் வாக்காளர்களாக இருக்க வேண்டும், தெரு எதிர்ப்பக்கம் பக்கத்து வார்டாக இருக்கலாம். அவர்களின் பட்டியல் எண் பழைய பட்டியலிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. வேட்பாளர் பெயரையும் விவரத்தையும் எழுதி முடித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். கட்சி வேட்பாளருக்குக் கட்சியின் அங்கீகாரச் சான்றும் அதே கெடுவுக்குள் சேர வேண்டும். அதில் அனுமதித்த கட்சிப் பெயர் ஒன்று, மனுவில் எழுதியது இன்னொன்று என்றால் மனுவே தள்ளுபடி. கடைசி நாள் மூன்றரை மணிக்குப் போய் நிற்காதீர்கள். நான்கு நாள் முன்பே கொடுத்து, தேர்தல் அலுவலரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் புதிய மனு எழுத நேரம் இருக்கும்.

செலவு வரம்பு 960 பவுண்டு, அதோடு வார்டின் ஒவ்வொரு வாக்காளருக்கும் 8 பென்ஸ். 10,000 வாக்காளர் உள்ள வார்டில் மொத்தம் 1,760 பவுண்டு. நண்பரின் அச்சகத்தில் பாதி விலைக்கு அடித்த துண்டறிக்கை இங்கே காலை வாரும். தள்ளுபடி 10 சதவீதத்தையும் 50 பவுண்டையும் தாண்டினால், மிச்சமான தொகையையும் செலவாகக் காட்ட வேண்டும். 50 பவுண்டுக்கு மேல் நன்கொடை தரும் தனிநபர் பிரிட்டனின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். கோயம்புத்தூர் மாமா அனுப்பும் பணத்தை 30 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வீடுவீடாக வாக்குக் கேட்பவருக்குக் கூலி கொடுக்கக் கூடாது. துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் வேண்டும். 2023 நவம்பர் முதல் இணைய விளம்பரத்துக்கும் வெளியிடுபவர் விவரம் கட்டாயம்.

முடிவு வந்து 21 நாளுக்குள் பில்கள் வந்து சேர வேண்டும், 28 நாளுக்குள் பணம் கொடுத்து முடிக்க வேண்டும், 35 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும். தோற்றவருக்கும் இது பொருந்தும். ஒரு பென்னிகூடச் செலவழிக்காதவரும் பூஜ்ஜியம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.