வீட்டுக்கு ஏற்ற ஏர் கம்ப்ரசரைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி

ஏர் கம்ப்ரசரைக் கொண்டு என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் வீண் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். பெரும்பாலான கார் டயர்களுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ அழுத்தமே போதும் என்பதால், காற்றடிப்பது மட்டுமே தேவை என்பவருக்குத் தொட்டி இல்லாத 12 வோல்ட் சிறு பம்பு போதுமானது. தூசி ஊதவும் சிறு ஆணிகள் அடிக்கவும் 20 முதல் 25 லிட்டர் தொட்டி கொண்டது பொருந்தும்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் குதிரைத்திறனைக் கண்டு மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது, 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று வெளிவருகிறது என்னும் சிஎஃப்எம் அளவே. பெயின்ட் ஸ்பிரே கன் போன்றவை விசையை அழுத்தியிருக்கும் நேரம் முழுவதும் காற்றை இழுப்பதால், கருவி கேட்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கம்ப்ரசர் தர வேண்டும். இல்லையெனில் அழுத்தம் இறங்கி, பெயின்ட் திட்டுத் திட்டாகப் படியும். பெரிய தொட்டி இக்குறையைச் சிறிது நேரம் தள்ளிப்போடுமே தவிர, தீர்க்காது.

எண்ணெய் தேவைப்படாத வகைக்குப் பராமரிப்பு குறைவு. மலிவானவற்றில் இரைச்சல்தான் அதிகம். எப்போதாவது பயன்படுத்துபவருக்கு இந்த வகையே போதும்.

பழையதை வாங்குவதானால், தொட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகை மெல்லத் திறந்து பாருங்கள். துருச்செதில் கலந்த பழுப்பு நீர் வழிந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே அரித்துப்போன தொட்டி அழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடும். மோட்டார் குறித்த அழுத்தத்தில் தானாக நிற்கிறதா என்பதையும், பாதுகாப்பு வால்வு இயங்குகிறதா என்பதையும் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.