மருத்துவக் கஞ்சா பற்றிய செய்தியைப் படிப்பது எப்படி?

"இந்த நோய்க்குக் கஞ்சா கண்கண்ட மருந்து" என்று ஒரு செய்தி வந்தால், எந்தக் கஞ்சா என்று முதலில் கேளுங்கள். புகையா, எண்ணெயா, மாத்திரையா? கஞ்சாவில் உள்ள முக்கிய வேதிப்பொருள்களான டிஹெச்சி (THC) அதில் எவ்வளவு, சிபிடி (CBD) எவ்வளவு? போதை ஏற்றுவது டிஹெச்சி, சிபிடி ஏற்றாது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்து செடியிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த சிபிடி, அதுவும் அப்போது இரண்டு அரிய வகை வலிப்புகளுக்கு மட்டும் (2020-ல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது). அதைக் காட்டி, புகைத்தாலும் வலிப்பு நிற்கும் என்று யாராவது எழுதினால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

அடுத்து, எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். அந்த அரிய வகைகளில் ஒன்றான டிராவே வலிப்பு உள்ள 120 பேரிடம் நடந்த சோதனையில், சிபிடி குடித்தவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆனது, மருந்தில்லாத வெறும் திரவம் குடித்தவர்களுக்கு 14.9 இருந்தது 14.1 ஆனது. இந்த இரண்டாவது ஜோடி எண் இல்லாத செய்தியை நான் பாதிதான் நம்புவேன். டிஹெச்சி என்றால் இன்னொரு சிக்கல்: தலை கிறுகிறுத்தவுடனே தனக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்கே தெரிந்துவிடும், அப்புறம் வலி குறைந்தது மருந்தாலா நம்பிக்கையாலா என்று எப்படிப் பிரிப்பது?

"ஆதாரம் இல்லை" என்ற வரியைத்தான் ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே விடவில்லையா? அமெரிக்காவில் 1970-ம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு, மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள போதைப்பொருள்களின் முதல் அட்டவணையில் போட்டது, அதாவது ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்று. அதிலிருந்து எடுக்க ஆய்வு வேண்டும், அதில் இருப்பதாலேயே ஆய்வுக்குத் தனி உரிமம், பூட்டிய பெட்டகம் என்று ஆயிரம் கெடுபிடி. போதாததற்கு, 1968 முதல் 2021 வரை ஆய்வுக்கான செடியைச் சட்டப்படி வளர்த்தது மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஒன்றுதான். கடையில் மக்கள் வாங்குவது ஒன்று, ஆய்வாளர் கைக்கு வந்தது வேறொன்று. 2022 டிசம்பரில் வந்த சட்டம் இந்த உரிம நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கியது.

அதற்காக எல்லாமே இருட்டில் இல்லை. அமெரிக்க தேசிய அகாதமிகளின் 2017 அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபி வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்கு வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொல்கிறது. செய்தி இந்த மூன்றையும், மேலே சொன்ன அரிய வலிப்புகளையும் தாண்டிப் போனால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

சரி, வீட்டில் யாராவது ஏற்கெனவே எடுக்கிறார்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டோடு சிபிடி சேர்ந்தால் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறலாம் (கல்லீரல் பாதிப்பின் அறிகுறி அது), இன்னொரு வலிப்பு மருந்தான க்ளோபசாமோடு சேர்ந்தால் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும்.