தரையோடு கிடந்த வளைவு

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடம் ஒன்றில் தரக்கட்டுப்பாடு என் வேலை. 240 தோல்களின் கனத்தை கேஜில் அளந்து எக்செலில் போட்டேன். சராசரி 1.3 மி.மீ., திட்ட விலக்கம் 0.1. எந்தக் கனத்தில் எத்தனை தோல் என்று தூண்களால் காட்டும் ஹிஸ்டோகிராம் மேல் மணி வடிவக் கோடு ஒன்று வேண்டும் என்றார் மேனேஜர்.

எக்செலின் ஹிஸ்டோகிராம் சார்ட் வேறு எந்த சார்ட்டோடும் சேராது. அது தெரியாமல் ஒரு மதியம் போச்சு. அப்புறம் ஃப்ரீக்வென்சி ஃபார்முலாவால் 0.05 மி.மீ. இடைவெளிக்கு ஒன்றாக எண்ணி, சாதாரண தூண் (column) சார்ட் போட்டு, தூண்களுக்கு நடுவே உள்ள கேப் விட்த்தைப் பூஜ்யமாக்கினேன். பார்க்க ஹிஸ்டோகிராம்தான்.

ஒவ்வொரு இடைவெளியின் நடுப்புள்ளிக்கும் மணி வளைவுக்கான நார்ம்.டிஸ்ட் ஃபார்முலா போட்டு, அந்தப் புள்ளியின் உயரம் மட்டும் வர கடைசியில் ஃபால்ஸ் கொடுத்து, லைனாகச் சேர்த்தேன். பார்த்தால் கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது! தூண்கள் 50ஐத் தொடுகின்றன, கோட்டின் உச்சியோ 4. நார்ம்.டிஸ்ட் தருவது அடர்த்தி, எண்ணிக்கை அல்ல. மொத்த எண்ணிக்கை, இடைவெளி அகலம் இரண்டாலும் பெருக்க வேண்டும்: 240 × 0.05 = 12. பெருக்கியதும் உச்சி 48க்கு எழுந்தது. செகண்டரி ஆக்சிஸில், அதாவது கோட்டுக்கென்று தனி அளவுகோலில், போட்டாலும் கோடு எழும்பும்தான், ஆனால் உயரத்தை ஒப்பிட முடியாது. அது ஏமாற்று வேலை.

கோடு முனைமுனையாக இருந்ததற்கு ஸ்மூத்தெட் லைன் டிக் போதும். வலப்பக்கம் மட்டும் இரண்டு தூண்கள் வளைவுக்கு மேலே துருத்தின. தோலைச் சீவி ஒரே கனமாக்கும் ஷேவிங் மெஷினின் பிளேடைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.