முதுகு வளைவு அறுவை சிகிச்சை: நேரத்திலும் வலியிலும் செய்யும் தவறுகள்

ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, என்று தெரிந்ததும் பல பெற்றோர் கேட்பது, "பிள்ளைக்கு வலியே இல்லையே, எதற்கு ஆபரேஷன்?" வலியை வைத்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. 50 டிகிரி வளைவுகூட வளரும் வயதில் வலிக்காமல் இருக்கலாம். ஆனால் அந்த அளவைத் தாண்டிவிட்டால், வளர்ச்சி நின்ற பிறகும் பலருக்கு ஆண்டுக்குச் சுமார் 1 டிகிரி கூடும். எக்ஸ்ரேயில் அளக்கும் காப் கோணம் (வளைவு எத்தனை டிகிரி என்ற அளவு), இன்னும் பாக்கியிருக்கும் வளர்ச்சி, இந்த இரண்டும்தான் கணக்கு. வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி வரை பெரும்பாலும் பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் தாங்கி) போதும். 45, 50-ஐ நெருங்கும்போதுதான் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும்.

அவசரமும் தவறுதான். போன முறை 32, இந்த முறை 35 என்றதும் பதறிவிடுகிறார்கள். அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின் வரும். இந்த அறுவை சிகிச்சையில் வளைந்த இடத்து முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைப்பார்கள். சின்னக் குழந்தைக்கு நிறைய எலும்புகளை முன்கூட்டியே இணைத்துவிட்டால் அந்தப் பகுதி வளராது, நுரையீரல் விரிய மார்பில் இடம் போதாது. அதனால்தான் அந்த வயதில் நீட்டிக்கொடுக்கக்கூடிய ராடு (உலோகக் கம்பி) வைக்கிறார்கள்.

சரி, அறுவை சிகிச்சை முடிந்தது. ராடும் திருகுகளும் முதுகைப் பிடித்து நிறுத்துபவை மட்டுமே. நிலையான பலம், இணைப்பதற்காக வைத்த எலும்புத் துண்டுகள் ஒட்டி ஒரே எலும்பாக ஆன பிறகுதான். அதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆறாவது வாரத்தில் தோள்பட்டைக்கு நடுவே இழுத்துப் பிடிப்பதைப் பார்த்து "ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று மனம் உடைய வேண்டாம். அதற்காகப் படுத்தே கிடப்பதும் கூடாது, நடைதான் மருந்து. புகைப்பவர்கள் கண்டிப்பாக நிறுத்த வேண்டும், நிகோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். வலி மாத்திரையையும் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இன்னொன்று: நன்றாகக் குறைந்திருந்த வலி, ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவது. "ஆபரேஷன் செய்த முதுகு, அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். எலும்பு ஒட்டாமல் போயிருக்கலாம், ராடு உடைந்திருக்கலாம், இணைத்த இடத்துக்குக் கீழுள்ள மூட்டு கூடுதல் பாரத்தில் தேய்ந்திருக்கலாம். எங்கே வலிக்கிறது, படுத்தால் குறைகிறதா, காலுக்கு இறங்குகிறதா என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், தையலில் கசிவு என்றால் அன்றே போங்கள். கால் பலவீனமானாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, நேரே அவசரப் பிரிவுக்கு.