பாளையங்காலுக்கு எத்தனை வரைபடம்? பழைய அரசு நிலப்படங்களை ஒரே அமைப்புக்கு மாற்றத் திட்டமிடுவது எப்படி

பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரியும் வாய்க்காலான பாளையங்கால், வயல்களுக்கு நடுவே ஓடிவந்து பாளையங்கோட்டையின் தெருக்களை ஒட்டிப் போகிறது. அதன் கரையில் ஓர் இடத்தைக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் அது வாய்க்கால் புறம்போக்கு. நீர்வளத் துறையின் படத்தில் அது காலின் கரை. மடை எங்கே, ஆயக்கட்டு (அந்த நீர் பாயும் நிலம்) எதுவரை என்பதே அந்தப் படத்தின் கவலை. மாநகராட்சியின் படத்தில் அது ஒரு தெருவின் ஓரம். மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஒரே கரை மூன்று கோடுகளாகத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களின் மழையை இந்தச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. எந்தக் குளத்தின் மறுகால் எந்த ஓடையில் விழுகிறது, அந்த ஓடை எந்தத் தெருவின் கீழே போகிறது, அந்தத் தெருவில் மின்மாற்றி எங்கே இருக்கிறது என்ற கேள்விகளுக்கு எந்தத் துறையின் படமும் தனியாக விடை சொல்லாது. அதனால்தான் இந்தப் படங்களை ஒரே அமைப்பில் சேர்க்கும் வேலை எனக்கு முக்கியம். புவியியல் தகவல் அமைப்பைப் புதிதாகக் கற்கும் மாணவர்களுக்கும், அரசு அலுவலகங்களில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தி. நாம் வெற்றுப் பலகையில் எழுதப் போவதில்லை. பட்டா, சிட்டா விவரங்கள் தமிழ்நிலம் மென்பொருளுக்குள் வந்துவிட்டன. ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளையும் காட்டும் புலப்படங்கள் கொலாப்லேண்ட் என்னும் மென்பொருளில் எண்முறைக்கு மாற்றப்பட்டு வந்திருக்கின்றன. மாநில அளவில் புவியியல் தகவல் அமைப்பும் இயங்குகிறது. நீங்கள் போடும் திட்டம் இவற்றோடு பேச வேண்டும்; இவற்றுக்குப் போட்டியாக இன்னொரு தீவை உண்டாக்கக் கூடாது.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

மென்பொருளைப் பற்றிய பேச்சை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். புதிய அமைப்பு விடை சொல்ல வேண்டிய ஐந்து கேள்விகளை ஒரே தாளில் எழுதுங்கள். "இந்தக் குளத்தின் முழு நீர்மட்டத்துக்குள் எத்தனை பட்டா நிலங்கள் வருகின்றன?" என்பது நல்ல கேள்வி. "எல்லாத் தரவும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்" என்பது கேள்வியே இல்லை. எந்தக் கேள்விக்கும் உதவாத படத்தை முதல் சுற்றில் தொடாதீர்கள்.

படி 2: பீரோவைத் திறந்து கணக்கெடுங்கள்

கணினியில் இருக்கும் கோப்புகளை மட்டும் கணக்கெடுப்பது தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் தவறு. பாதிச் சரக்கு காகிதத்திலும் துணி ஒட்டிய பழைய படங்களிலும் இருக்கிறது. கிராம வரைபடம், புலப்படச் சுவடி, புல எண் வாரியாகப் பரப்பைச் சொல்லும் அ பதிவேடு, குளங்களின் நீளவெட்டுப் படங்கள், ஆட்டோகேட் கோப்புகள், யாரோ ஒருவருடைய பழைய கணினியில் கிடக்கும் ஷேப் கோப்புகள் (நிலப்படத் தரவின் ஒரு கோப்பு வடிவம்) என எல்லாவற்றுக்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும். ஒவ்வொரு வரியிலும் குறைந்தது இவை இருக்கட்டும்: படத்தின் பெயர், அளவுத்திட்டம், அளந்த ஆண்டு, கடைசியாகத் திருத்திய ஆண்டு, அலகு, மூலப்படம் எந்த அறையில் எந்த உறையில் இருக்கிறது, இன்று அதைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு.

அலகு என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய அளவைகள் குண்டர் சங்கிலியில் எடுக்கப்பட்டவை. ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். 1979 முதல் 1987 வரை நடந்த, அலுவலகங்களில் யு.டி.ஆர். என்று சொல்லப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பரப்புகள் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்குக்கு மாறின. ஆனால் பழைய படங்களின் நகல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் வேலை பழகிய நாட்களில் ஓர் அலுவலகத்தில் கிடைத்த பட்டியலில் அலகு குறிக்கப்படவே இல்லை. 250 என்று எழுதியிருந்த வரப்பை 250 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாட்கள் வரைந்தோம். அது 250 லிங்க்ஸ். அதாவது ஐம்பது மீட்டரும் கொஞ்சமும். வரைந்த அத்தனையையும் அழிக்க வேண்டியதாயிற்று.

செங்கோட்டைப் பக்கம் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை அந்த வட்டம் திருவிதாங்கூர் ஆட்சியின் வழியில் வந்தது. அதன் பழைய ஆவணங்களும் நெல்லையின் ஆவணங்களும் ஒரே கையில் எழுதப்பட்டவை அல்ல.

படி 3: ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பொறுப்பாளர்

இதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். ஒருங்கிணைப்பு என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் திருத்தலாம் என்று பொருள் இல்லை. ஒரு கோட்டை ஒரு துறைதான் திருத்தலாம். மற்ற துறைகள் அதைப் பார்க்கலாம், பயன்படுத்தலாம், பிழை கண்டால் எழுதித் தெரிவிக்கலாம்.

பாளையங்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். புறம்போக்கின் எல்லைக்கோடு வருவாய் மற்றும் நில அளவைத் துறையின் பொறுப்பு. காலின் நடுக்கோடு, மடை, மதகு, கரையின் உயரம் ஆகியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. மேலே போகும் தெருவும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. இப்போது ஓர் இடைஞ்சல் வரும்: காலைக் கடக்கும் சிறு பாலம் யாருடையது? மாநகராட்சி கட்டியிருக்கலாம், நெடுஞ்சாலைத் துறை கட்டியிருக்கலாம், நீர்வளத் துறையே கட்டியிருக்கலாம். இப்படிப்பட்ட பொருள்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். மூன்று துறை அலுவலர்களையும் அழைத்து, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொன்றாக முடிவு செய்து கையெழுத்து வாங்குங்கள். மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லை கிராம எல்லையைத் தொடும் இடங்களில் வனத்துறையும் இந்த மேசைக்கு வர வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு ஒரு மாதம் ஆனாலும் அது வீண் இல்லை. இதைத் தாண்டிக் குதித்தவர்கள், இரண்டு ஆண்டு கழித்து ஒரே குளத்துக்கு இரண்டு பரப்பளவை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கோட்டோடும் நான்கு செய்திகள் ஒட்டியிருக்க வேண்டும்: எந்த மூலப்படத்திலிருந்து வந்தது, எந்த முறையில் அளக்கப்பட்டது, எப்போது, யாருடைய ஒப்புதலோடு. கோடு புதிய அமைப்புக்குப் போகும்போது இந்த நான்கும் கூடவே போக வேண்டும். தெரியாத கட்டத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

படி 4: ஆயத்தொலைவு, அவசரப்படக் கூடாத இடம்

புலப்படம் ஒவ்வொரு வயலையும் அதன் சொந்தக் கோடுகளால் அளக்கிறது. அந்த வயல் பூமியில் எங்கே இருக்கிறது என்று அது சொல்வதில்லை. அதைப் பூமியில் உட்காரவைக்க ஆதாரப் புள்ளிகள் தேவை. மூன்று கிராம எல்லைகள் சந்திக்கும் முச்சந்திக் கற்களே இதற்குச் சிறந்தவை. கிராம உதவியாளரையும் நில அளவரையும் அழைத்துக்கொண்டு கற்களைத் தேடிப் போங்கள். கல் இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, காணாமல் போயிருக்கிறதா என்று எழுதிக்கொண்டு, நின்றிருக்கும் கற்களைத் துல்லியமான செயற்கைக்கோள் கருவியால் அளந்துகொள்ளுங்கள். கைப்பேசியின் புள்ளி இதற்குப் போதாது.

அடுத்தது, மலை, ஆறு, ஊர் எல்லாம் காட்டும் பழைய நிலக்குறிப்புப் படங்கள். பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்த கணக்கான எவரெஸ்ட் 1830 நீள்வட்டத்தை வைத்து வரைந்த படத்தை, செயற்கைக்கோள் கருவிகள் பயன்படுத்தும் இன்றைய டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் இருப்பதாக நினைத்து அப்படியே ஏற்றினால், நம் பகுதியில் எல்லாம் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஒரு குளத்தின் கரை அடுத்த ஊரின் வயலில் போய் விழும்.

நெல்லைச் சீமைக்கு மட்டும் உரிய ஒரு பொறியும் இருக்கிறது. பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறையில் 78 பாகைத் தீர்க்கரேகைதான் 43-ஆம் மண்டலத்துக்கும் 44-ஆம் மண்டலத்துக்கும் எல்லை. திருநெல்வேலி 43-இல் இருக்கிறது. திருச்செந்தூரும் தூத்துக்குடியும் 44-இல். நம் தாமிரபரணி ஒரு மண்டலத்தில் பிறந்து மறு மண்டலத்தில் கடலில் கலக்கிறது. 44-ஆம் மண்டலத்தில் அளந்த திருச்செந்தூரின் எண்களை 43 என்று குறித்து ஏற்றினால், ஊர் மேற்கே 660 கிலோமீட்டர் போய் அரபிக் கடலில் விழும். இந்தப் பிழை பெரிது. அதனால் உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழை வேறு. மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால், திருநெல்வேலியில் யு.டி.எம். தளத்தில் கணக்கிடும் பரப்பு உண்மையைவிடச் சற்று அதிகமாக வரும். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 14 சதுர மீட்டர். அதை அ பதிவேட்டோடு ஒப்பிட்டு, "ஆக்கிரமிப்பு" என்று எழுதிவிடக் கூடாது. என் பரிந்துரை இது: தரவை அட்சரேகை, தீர்க்கரேகையாக, டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐக் குறிக்கும் இ.பி.எஸ்.ஜி. 4326 என்ற எண்ணின்கீழ் சேமித்துவையுங்கள். பரப்பைக் கணக்கிடும்போது நீள்வட்டத்தின் மேல் கணக்கிடுங்கள். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திட்ட அமைப்புகளுக்குள் நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது; அது காலியாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

படி 5: பெயர்களும் எண்களும்

ஊர்ப் பெயரை வைத்து இரண்டு பட்டியல்களை இணைக்க முயலாதீர்கள். மேல, கீழ, வட, தென் என்ற முன்னொட்டுகளோடும், பகுதி 1, பகுதி 2 என்ற பின்னொட்டுகளோடும் ஒரே பெயர் பல வடிவங்களில் வரும். அரசு கொடுத்திருக்கும் கிராமக் குறியீட்டு எண்ணையே இணைப்புக்குப் பயன்படுத்துங்கள். 1986-இல் தூத்துக்குடியும், 2019 நவம்பர் 22 அன்று தென்காசியும் தனி மாவட்டங்களாயின. பழைய கோப்புகளில் சங்கரன்கோவிலும் ஆலங்குளமும் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். அவற்றை அழித்துவிட்டுப் புதிய பெயரை எழுதாமல், "இந்த நாள் வரை இந்த மாவட்டம், அதற்குப் பின் இந்த மாவட்டம்" என்று இரண்டையும் வையுங்கள். பழைய ஆவணத்தைத் தேடி வருபவர் பழைய பெயரோடுதான் வருவார்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய கோப்புகள் வானவில், தாம், தாப் என்று பலவகைக் குறியேற்றங்களில் இருக்கும். மாற்றிய பிறகு ஒவ்வொரு கிராமத்திலும் சில பெயர்களையாவது மனிதர் ஒருவர் வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

ஷேப் கோப்பில் கட்டத்தின் பெயருக்கு 10 பைட் மட்டுமே இடம். ஒருங்குறியின் யு.டி.எஃப். 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். 'புல எண்', 'புல உட்பிரிவு' என்று இரண்டு கட்டங்கள் வைத்தால் இரண்டும் 'புல' என்பதோடு நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. இடைப்பட்ட வேலைகளுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

படி 6: அமைப்பு

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். நடுவில் ஒரு தரவுத்தளம்; போஸ்ட்ஜிஐஎஸ் இதற்கு நன்றாக உழைக்கும், விலையும் இல்லை. அதன்மேல் ஜியோசர்வர் போன்ற ஒரு சேவை மென்பொருள். பிற துறைகளுக்குக் கோப்பை நகலெடுத்துக் கொடுக்காமல், பார்ப்பதற்கு டபிள்யூ.எம்.எஸ்., கோடுகளாகப் பெறுவதற்கு டபிள்யூ.எஃப்.எஸ். என்ற திறந்த தரங்களில் சேவையாகக் கொடுங்கள். நகல் கொடுத்த மறுநாளே அது பழசாகிவிடும். தனி மனிதரின் விவரங்கள் உள்ள கட்டங்களைப் பொதுச் சேவையில் வைக்காதீர்கள்.

படி 7: ஒரே ஒரு கிராமம்

முழு வட்டத்தையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். ஒரு குளமும் ஒரு காலும் கொஞ்சம் நத்தமும் உள்ள கிராமம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை மாற்றி முடித்ததும், ஒவ்வொரு புல எண்ணின் புதிய பரப்பையும் அ பதிவேட்டின் பரப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடுகளை நான்காகப் பிரியுங்கள்: அலகுப் பிழை, வரைந்ததில் பிழை, ஏறாமல் விடுபட்ட உட்பிரிவு, நிலத்திலேயே நடந்த மாற்றம். முதல் இரண்டை நீங்கள் திருத்தலாம். பின்னிரண்டை நீங்கள் தொடக் கூடாது. எழுதி நில அளவைத் துறைக்கு அனுப்புங்கள். கணினி முன் இருப்பவர் படம் அழகாகப் பொருந்த வேண்டும் என்று ஒரு கோட்டைக் கொஞ்சம் இழுத்தால், அந்தப் பக்கம் ஒருவருடைய வயல் குறைகிறது. அவருக்கு அது தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம்.

அச்செடுத்த படத்தோடு கிராமத்துக்குப் போய் மடை திறப்பவரிடம் காட்டுங்கள். காகிதத்தில் இல்லாத ஓடையை அவர் விரலால் வரைந்து காட்டுவார். அதையும் 'வாய்மொழி, சரிபார்க்கப்படவில்லை' என்று தனி அடுக்கில் வையுங்கள்.

படி 8: மாறும் நாள்

வருவாய்த் துறையின் ஆண்டுக்கு ஒரு தாளம் இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் சரிபார்க்கப்படுகின்றன. ஜூலை 1-ஆம் தேதி புதிய பசலி, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டு, பிறக்கிறது. அந்தத் தாளத்தோடு சேர்ந்து போங்கள். ஜமாபந்தியில் பழைய அமைப்பின் கணக்கையும் புதிய அமைப்பின் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன கிராமங்கள் மட்டும் ஜூலை 1 அன்று மாறட்டும். மற்றவை அடுத்த பசலிக்குக் காத்திருக்கட்டும். மாறும் நாளுக்கு முன் பழைய தரவின் முழு நகலை எடுத்து, வேறொரு கட்டடத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு கிராமத்தை மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டெடுத்துப் பார்க்காத நகலை நம்பாதீர்கள்.

மாறிய பிறகு பழைய துணிப்படங்களை யாராவது கழிவில் போட வந்தால் தடுங்கள். ஒவ்வொன்றையும் மடிக்காமல் சுருட்டி, உறையிலிட்டு, உறைக்கு ஓர் எண் கொடுத்து ஆவணக் காப்பறைக்கு அனுப்புங்கள். பிறகு கணினிக்குத் திரும்பி, அந்தப் படத்திலிருந்து வந்த ஒவ்வொரு கோட்டின் மூலம் என்ற கட்டத்திலும் அந்த உறையின் எண்ணை எழுதுங்கள்.